மூச்சு விடுவோர் கவனத்திற்கு

ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து, தாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. கேமரா முன்னால் போய் நின்றால், பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டர் ஆளை மேலும் கீழும் பார்த்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று கவனித்து, சான்றிதழை அச்சடித்துக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கம்ப்யூட்டர் கொஞ்சம் நிதானம்தான். வந்தவர்களும் அவசரமாக எங்கே ஓடப்போகிறார்கள்? ஒருவரும் புகார் சொன்னதில்லை.

இயக்குநருக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்துத் துறையில் கம்ப்யூட்டருக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றி, உறைய வைத்து, பேய் வேகத்தில் ஓட்டுகிறார்களாம். பெரிய அதிகாரிகள் சந்தித்துக்கொண்டால், "உங்களுது மைனஸ் எத்தனை டிகிரி?" என்றுதான் அப்போதெல்லாம் நலம் விசாரித்தார்கள். நம் இயக்குநர் பிளஸ்ஸில் இருந்தார். வெளியில் தலைகாட்ட முடியவில்லை.

ஆகவே மைனஸ் வந்தது. அதற்குப் பொறுப்பாளராகக் கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். மனுஷர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர். இயந்திரம் பழுதானால் நஷ்டம் அவர் பென்ஷனில் பிடிக்கப்படும் என்று உத்தரவிலேயே இருந்தது. படித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இயந்திரத்தைப் பொருத்த வந்த மெக்கானிக் அவரை இன்னும் கொஞ்சம் பயமுறுத்தினார். "கம்ப்யூட்டரோட மூளை, அந்த ப்ராசஸர், உட்கார்ந்திருக்கிற சாக்கெட் இருக்கே சார், அதுதான் ஆபத்து. ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குதில்ல, அது மாதிரி இங்கயும் வேர்க்கும். காத்துல இருக்கிற ஈரம்தான். ஒரு சொட்டு உள்ள இறங்கினா புகைதான்."

"அதுக்கு என்ன பண்றது?"

"சுத்தி வாஸ்லின் தடவி, மேல ஃபோம் வச்சு, காத்துப் படாம அடைச்சிடணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்ல மெக்கானிக்குக்கு என்ன, அவர் போய்விட்டார். கண்காணிப்பாளர் வாஸ்லின் கேட்டுக் கொள்முதல் பிரிவுக்கு எழுதினார். 'வாஸ்லின் உதட்டில் பூசும் பொருளாகும். இயந்திரத்துக்கு உதடு உள்ளதா என்பதைத் தெளிவுபடுத்துக' என்று பதில் வந்தது. இல்லை என்று உண்மையை எழுதினார். அப்படியானால் தேவை எழவில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

"நம்ம அலமாரியிலயே ஒரு டப்பா சும்மா கிடக்கு. எடுத்துட்டுப் போய்த் தடவிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. ஆபீஸ் சாமானை வீட்டுக்குக் கொண்டு வரலாம். வீட்டுச் சாமானை ஆபீசுக்குக் கொண்டு போனா, எதுக்குன்னு கேப்பாங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, தடவினது யாருன்னு என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

"தடவலைன்னாலும் உங்க கழுத்துதானே?"

அவர் சவரம் செய்யப் போனார். கண்ணாடியில் முகம் தெரியாதபடி அவருடைய பெருமூச்சு படிந்து கிடந்தது. துடைத்தார். மறுபடியும் படிந்தது. பாதிச் சவரத்தோடு ஆபீசுக்கு ஓடி, இயக்குநர் முன்னால் நின்றார்.

"சார், ஈரம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். மூச்சிலிருந்து வருது. சான்றிதழுக்கு வர்றவங்க அத்தனை பேரும் மூச்சு விடறாங்க."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாருமா?"

"ஒருத்தர் விடாம. அதை நிறுத்திட்டா வாஸ்லினே வேண்டாம்."

"மூச்சையா, ஆளையா?"

"ஆளை நிறுத்தினா மூச்சு தானா நிக்கும் சார்."

அன்று மாலையே வாசலில் அறிவிப்பு தொங்கியது: 'மூச்சு விடும் பழக்கமுடைய பொதுமக்கள், மேற்படி பழக்கத்தைக் கைவிடும்வரை இயந்திர அறைக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.' காவலாளி கையில் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். வருகிறவர் மூக்கடியில் அதைப் பிடித்துப் பார்ப்பார். மங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாருக்கும் மங்கியது.

உள்ளே ஆளரவம் இல்லாமல், கேட்பாரற்ற வேகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கெட் காய்ந்த சருகாக இருந்தது. நிலுவை விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை என்று இயக்குநருக்கு விருது கிடைத்தது. மற்ற துறைகளும் பார்த்துக் கண்ணாடி வாங்கின. கண்காணிப்பாளர் ஒரு ரூபாய்கூடப் பிடித்தமில்லாமல் ஓய்வு பெற்றார். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

ஓராண்டு போனது. உயிரோடிருப்பதை நிரூபிக்கச் சொல்லி அவருக்கே கடிதம் வந்தது.

அலுவலகத்துக்கு எதிரே இப்போது மூச்சடக்கும் பயிற்சி வகுப்பு ஒன்று ஓகோவென்று நடந்தது. பென்ஷன்காரர்கள் வரிசையில் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள்.

"என்னைத் தெரியலையாப்பா? அறிவிப்பு எழுதினதே நான்தான்" என்றார் காவலாளியிடம்.

"தெரியுது சார். நீங்க சொன்னபடிதான் செய்யறேன். மூக்கைக் காட்டுங்க."

தான் போட்ட விதியில் தானே தோற்பதா? மூச்சை இழுத்து அடக்கினார். கண்ணாடி மங்கவில்லை. உள்ளே நடந்து கேமரா முன் நின்றார். பழைய நிதானமாக இருந்திருந்தால், இடையில் ஒரு வாய் மூச்சு திருட்டுத்தனமாக விட்டிருக்கலாம். இது மைனஸ் இயந்திரம். அவர் கண் இமைப்பதற்குள் மார்பைப் பார்த்து, அசைவில்லை என்று கண்டு, அச்சடித்துத் தள்ளிவிட்டது. எடுத்துப் பார்த்தார். 'உயிர் இல்லை' என்றிருந்தது.

அடக்கிய மூச்செல்லாம் ஒரே பெருமூச்சாக வெளியே வந்தது. நைட்ரஜன் குழாய்க்காகத் திறந்தே வைத்திருந்த கம்ப்யூட்டர் பெட்டி நேர் எதிரில் இருந்தது. சாக்கெட் வேர்த்தது. பிறகு புகைந்தது.

புதிய கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "சார், நஷ்டத்தை உங்க பென்ஷன்லதான் பிடிக்கணும்."

"நான்தான் செத்துட்டேனே" என்று காகிதத்தை நீட்டினார் பழையவர். "செத்தவனுக்குப் பென்ஷன் ஏதுய்யா?"

புதியவர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். முத்திரையெல்லாம் சரியாக இருந்தது. வாசலுக்குப் போய் வரிசையைப் பார்த்து, "நஷ்டத்தை உங்க எல்லாரோட பென்ஷன்லயும் சமமாப் பிடிக்கப் போறோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியோடு காவலாளி பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்.