நேற்று இடது கால், இன்று வலது கால்

"நேத்து இடது கால், இன்னிக்கு வலது கால். நடிக்கிறான்! சுத்த நடிப்பு!"

காலையிலிருந்து இதையே பல் தேய்க்கும்போது ஒரு தடவை, சட்டை மாட்டும்போது ஒரு தடவை சொல்லிவிட்டார் சர்வேயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை மோப்பம் பிடிப்பது அவர் தொழில். கழுத்தைத் திருப்பவே முடியாது என்று பட்டை போட்டு வந்தவர்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டே பிடித்தவர். அவரை ஓர் ஆறு மாத நாய்க்குட்டி ஏமாற்றுவதாவது!

குட்டி என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். கிரேட் டேன் ஜாதி. வந்த புதிதில் துணிக்கூடையில் தூங்கினான். இப்போது சோபா முழுக்கப் படுத்து, மிச்சக் காலைச் சர்வேயர் மடியில் வைக்கிறான். பெயர் பொடியன்.

"பாவங்க, வலிக்குது அவனுக்கு. டாக்டர்கிட்ட காட்டலாம்," என்றாள் மனைவி.

"வலின்னா ஒரு இடத்துல இருக்கணும். ஊர் சுத்துமா? வாக்கிங் போகச் சோம்பல். இப்ப நிரூபிக்கிறேன் பாரு."

கூடத்தின் கோடியில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் ஒளிந்தார். ஆளில்லை என்று தெரிந்தால் நடிப்பவன் நேராக நடப்பான் அல்லவா? திரைக்குக் கீழே அவர் பாதங்கள் தெரிந்தன. பொடியன் அவற்றை ஒருமுறை நக்கிவிட்டு, முனகியபடியே நொண்டி நொண்டிப் பிஸ்கட்டிடம் போனான்.

"பலே கெட்டிக்காரன்!" என்றார் சர்வேயர்.

மனைவி சங்கிலியை எடுத்தாள்.

டாக்டரம்மா கால் எலும்புகளை அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். "பெரிய ஜாதிக் குட்டிங்க மளமளன்னு வளரும்போது இப்படி எலும்பு வலிக்கிறதுண்டு. ஒரு கால்ல விட்டு இன்னொரு கால்ல பிடிக்கும். வளர்ந்ததும் போயிடும். மருந்து தர்றேன். தீனி அளவா போடுங்க. குதிக்க விடாதீங்க, மாடிப்படி வேணாம். கால்சியம் எதுவும் தனியா குடுக்கறீங்களா?"

"இல்லையே!" என்றார் சர்வேயர்.

"இவர் குடுக்கறார், பால்ல கலக்கி. நான் குளிக்கப் போறப்ப. எதிர் வீட்டு நாயைவிட உசரமாகணுமாம்," என்றாள் மனைவி.

"உடனே நிறுத்துங்க."

வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

"தூக்குங்க," என்றாள் மனைவி.

முதல் மாடித் திருப்பத்தில் சர்வேயர் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்தார். மடியில் பொடியன். பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

"கால் மாத்தி நொண்டினா நடிப்புன்னு எப்படிங்க அவ்வளவு நிச்சயமா சொன்னீங்க?"

"தொழில் அனுபவம்."

"நான் சொந்த அனுபவம்னு நெனச்சேன்."

சர்வேயர் பொடியனின் காதை ஆராய்ந்தார்.

கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள். இதே திருப்பத்தில்தான் அவருக்குக் கால் சுளுக்கியது. அத்தனை மூட்டையையும் அவள் சுமக்க, ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டார்.

"சமையலறைக்குப் போறப்ப இடது கால், வர்றப்ப வலது கால். கதவிடுக்கு வழியா பாத்தேன்."

"தெரிஞ்சுமா தைலம் தேய்ச்சே?"

"ரெண்டு கால்லயும்." அவள் சிரித்தாள். "நீங்க ஆபீஸுக்குப் போகாம வீட்ல இருந்தது அப்ப மட்டுந்தான். பாத்திரம் சுத்தியிருந்த பேப்பரையெல்லாம் பிரிச்சுப் படிச்சு, கிழிஞ்சுபோன பாதிச் செய்திக்கு நீங்களே முடிவு சொல்லுவீங்க. காலி வீடு, சிரிச்சா எதிரொலிக்கும். அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

சர்வேயருக்கு அந்தப் பழைய பேப்பரின் வாசனைகூட வந்தது. பொடியனைத் தூக்கினார்.

அன்றிலிருந்து வேளாவேளைக்குக் கீழே ஒரு சுமை, மேலே ஒரு சுமை. பொடியனின் நொண்டல் குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலையில் சர்வேயரின் முழங்கால் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தார்.

கோடியில், தட்டில் ஒரு பிஸ்கட் இருந்தது. திரைக்குக் கீழே இரண்டு பாதங்களும், பக்கத்தில் ஆடும் ஒரு வாலும் தெரிந்தன.

"இந்தா... இது நிஜமாவே வலிக்குதும்மா. அந்தத் தைலத்தைக் கொஞ்சம் தேய்ச்சு விடேன்?"