சுக்கானிக்காக ஒரு போர்ப்படம்

ஆம்பளை ஒரு ஆட்டுக்காக அழக்கூடாது, அழ வேண்டியவள் பெண்டாட்டிதான் என்று அக்காள்மடத்து ரிஃபாய் முடிவு கட்டினார்.

ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கென்று முதுகுளத்தூர்ச் சந்தையில் அவரே பல் பார்த்து வாங்கி வந்த கிடாய். வாங்கியவர் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்துவிட்டார். அதற்குப் பேர் வைத்துவிட்டார். கடற்கரைக்கு நடந்தால், படகில் சுக்கான் பிடிப்பவன்போல் முன்னால் போய் வழி காட்டுகிறதே என்று 'சுக்கானி'. பேர் வைத்த பிறகு, இதை அறுத்துப் பலி கொடுக்கிறேன் என்று உறுதி சொல்லி நிய்யத்து வைக்க நாக்கு எழும்பவில்லை. அறுக்க வேண்டாமென்று தானே சொன்னாலோ, மச்சினன் நுஃமான் சிரிக்கிற சிரிப்பு பாம்பன் பாலத்தைத் தாண்டிக் கேட்கும். நஃபீசா அழுது கேட்டால்? "சரி புள்ள, உனக்காக விட்டுக் கொடுக்குறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம். கண்ணாடி முன் நின்று சத்தமாகவே ஒத்திகையும் பார்த்தார்.

கல்லும் கரையும் படமொன்றைத் தேடிப் பிடித்தார். ஒரு சிப்பாய், அவனுடைய கோவேறு கழுதை, நடுவே பீரங்கி. டிவி முன்னால் நஃபீசாவை உட்கார வைத்தார். அவள் கண்ணில் படட்டுமென்று சுக்கானியை ஜன்னல் கம்பியில் கட்டினார்.

சிப்பாயும் கழுதையும் பிரிந்தார்கள். நஃபீசா முறுக்கைக் கடித்தாள்.

"பாவமா இல்லையா புள்ள?"

"பாவந்தான் மச்சான். இம்புட்டுப் பொதி ஏத்துறான், ஒரு வாய் புல்லு போடுறானா பாருங்க."

"அதில்ல. வாயில்லாச் சீவன் அவனைத் தேடுதுல்ல?"

"அவனையா தேடுது? அவன் பையில இருக்குற ரொட்டியத் தேடுது."

கடைசிக் காட்சி. பனியில் நொண்டி நொண்டி வந்த கழுதை, சிப்பாயின் தோளில் முகம் சாய்த்தது. வீட்டுக்குள் ஒரு கேவல் கேட்டது. சுக்கானியே திரும்பிப் பார்த்தது. கேவியவர் ரிஃபாய்.

நஃபீசா துண்டை நீட்டினாள். "தொடைங்க. நிய்யத்து வச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"தெரியும். நீங்க பேரு வச்ச அன்னைக்கே பள்ளிவாசல் கூட்டுக் குர்பானியில உங்களுக்குப் பங்கு சேத்துட்டேன், உங்க கடமை அதுலயே முடிஞ்சிரும்."

"பெறகு எதுக்குப் படத்த முழுசா உக்காந்து பாத்த?"

"எந்த எடத்துல அழுவீங்கன்னு பாக்கத்தான். நீங்க படம் தேடுறப்பவே, பாதியிலயே அழுவீங்கன்னான் நுஃமான். நாந்தான் எம் மச்சான் கடைசி வரைக்கும் தாங்குவாருன்னு விட்டுக் கொடுக்காமப் பேசினேன்."

ரிஃபாய் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"சரி மச்சான், ஆட்ட உங்களுக்காக விட்டுக் கொடுக்குறேன். காலையில புழுக்கைய மட்டும் கூட்டி அள்ளிருங்க."

வசனம் அவருடையதுதான். இனி விளக்குமாறும் அவருடையது.