கூரை இல்லாத கல்யாண வண்டி

பயந்த சுபாவம் உள்ளவன் எல்லாவற்றுக்கும் தயாராக இருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தேன், என் மகள் ஜெனியின் கல்யாணத்தன்று காலை ஒன்பதே முக்கால் வரைக்கும்.

சிட்லபாக்கத்தில் இருக்கும் என் நண்பர் ஸ்டீபன் சாரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இரண்டே சீட். உயரம் என் இடுப்பளவு. மடக்குக் கூரையின் துணி கிழிந்து தைக்கப் போயிருந்தது.

"வெயிட்டே கிடையாது சார். மிதிச்சா பறக்கும். ஒரு தடவ ஓட்டித்தான் பாருங்களேன்."

செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சுற்று போனேன். திரும்ப வேண்டும் என்று நினைப்பதற்குள் திரும்பியது. ஐம்பத்தாறு வயது இயற்பியல் வாத்தியார், நடுரோட்டில் விசில் அடித்தேன். (பார்த்த மாணவர்கள் மன்னிக்கவும்.)

ஜெனியைச் சர்ச்சுக்கு இதில்தான் அழைத்துப்போவேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

"ஏசி வண்டி சொல்லியாச்சு. இது என்னங்க, சோப்பு டப்பா மாதிரி?" என்றாள் மனைவி மேரி.

உண்மைக் காரணத்தை நான் சொல்லவில்லை. வீடு முழுக்க உறவினர். ஒரு வாரமாக மகளிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இரண்டு சீட் வண்டியில் எந்த அத்தையும் ஏற முடியாது.

மழை வருமா என்று நான்கு ஆப்பில் பார்த்தேன். நான்கும் வராது என்றன. ஆனாலும் இரண்டு குடைகளைப் பின்னால் வந்த வேனில் மேரியிடம் கொடுத்து வைத்தேன்.

வேளச்சேரி சாலையில் ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாம் கை காட்டினார்கள். வெள்ளைப் பட்டும் தலையில் நெட் முக்காடுமாக ஜெனி சிரித்தாள். "சூப்பரா இருக்குப்பா!"

சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர் டேங்கர் வந்து நின்றது. அதன் சக்கரம் என் தலை உயரத்துக்கு இருந்தது. மேலே மூடி திறந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"ஜெனி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா..."

பச்சை. டேங்கர் குலுங்கிக் கிளம்பியது. உள்ளே இருந்த தண்ணீர் கிளம்பவில்லை. முப்பது வருடமாக நிலைமம் பாடம் நடத்தியவன் நான். அதை அன்றைக்குத்தான் தலையில் வாங்கிக்கொண்டேன். மகளும் வாங்கிக்கொண்டாள்.

டிரைவர் பிரேக் போட்டு எட்டிப் பார்த்தார். "இன்னா சார், கல்யாணப் பொண்ண கூரை இல்லாத வண்டில இட்டுகினு போற?"

என் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. பின்னாலிருந்து மேரி இரண்டு குடைகளோடு ஓடி வந்தாள். (விரித்து வேறு பிடித்தாள்.)

ஜெனி மட்டும்தான் பேசினாள். "அப்பா, வண்டிய எடுங்க."

சர்ச் வாசலில் போதகர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "சார், பாப்பாவுக்கு ஞானஸ்நானம் அப்பவே குடுத்தாச்சே!"

இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே ஜெனி காய்ந்து முடிவதற்குள் பாடகர் குழு தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடி, முதல் பாட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. பீடத்தை நோக்கி நடக்கும்போது காய்ந்த கையால் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "என்னமோ சொல்ல வந்தீங்களேப்பா?"

யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஜெனி இப்போது மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறாள். அங்கே தினமும் காலையில் டேங்கர் வரும். ஹாரன் கேட்டதும் மாப்பிள்ளை உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாராம்: "ஜெனி, மாமா வந்துட்டாரு!"