நேர்மையான நாக்கு

பதிவிடும் பொத்தானை அழுத்தி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, அடுக்களை வாசலில் மனைவி வந்து நின்றாள். கையில் கத்தி, கண்ணில் வெங்காயக் கண்ணீர்.

"என்னங்க, பன்னைப் பிச்சுப் போட்டுட்டு போனைக் குத்திக்கிட்டிருக்கீங்க?"

"பன்னுக்குள்ள ஈ! முழுசா ஒரு ஈ! விடுவேனா? தெருமுனைப் பேக்கரியோட பேரை நாறடிச்சிட்டேன்."

அவள் நின்ற இடத்திலிருந்தே கண்ணைச் சுருக்கித் தட்டைப் பார்த்தாள்.

"அது திராட்சைங்க. காஞ்ச திராட்சை. கண்ணாடி இல்லைன்னா உங்களுக்கு எல்லாமே ஈதான்."

அவருக்குச் சுருக்கென்றது. அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் அவர் வேலை. மூக்குக்கண்ணாடி உடைந்து கடைக்குப் போனதிலிருந்து நான்கு நாளாக வீட்டில் இருந்தார். முதலாளிதான் அனுப்பிவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவர் பார்த்துக் கொடுத்த கல்யாண அழைப்பிதழில், 'வருக வருக' என்பது 'வராக வராக' என்று அச்சாகி ஐந்நூறு வீடுகளுக்குப் போயிருந்தது.

கறுப்பாக இருந்ததை இரண்டு விரலால் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். கறுப்பாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்த்தார். பன் வாசனைதான் வந்தது. எதற்கு வீண் சந்தேகம் என்று வாயில் போட்டு மென்றார்.

"இனிப்பா இருக்கு," என்றார் இறங்கிய குரலில். "லேசாக் கருகியிருக்கு. திராட்சைதான்."

"என்ன எழுதித் தொலைச்சீங்க?"

அவர் வாசித்துக் காட்டவில்லை. போனை நீட்டினார். 'நேர்மையான நாக்கு' என்ற புனைபெயரில், ஒற்றை நட்சத்திரத்தோடு இருந்தது: 'பன்னுக்குள் முழு ஈ. இறக்கையோடு. இந்தக் கடைக்காரருக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டா?'

"இறக்கையெல்லாம் எப்பப் பார்த்தீங்க?"

"பார்க்கல. ஒரு அழுத்தத்துக்காகச் சேர்த்தேன்."

உடனே அழித்துவிடலாம் என்று எதையோ அமுக்கப் போக, செயலி அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கடவுச்சொல் கேட்டது. கோபத்தில், கண்ணாடியும் இல்லாமல் அடித்த கடவுச்சொல். அது என்ன என்பது அவருக்கே தெரியாது.

பேக்கரிக்காரர் பத்து வருடப் பழக்கம். இவருக்குக் காய்ச்சல் வந்தபோது சூடு ஆறாத ரொட்டியை வீடுவரை கொண்டுவந்து கொடுத்த மனிதர். அதை நினைக்க நினைக்க உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மனைவியின் போனை வாங்கி 'நல்ல வயிறு' என்ற பெயரில் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினார்: 'பத்து வருடமாக இங்கேதான் சாப்பிடுகிறேன். ரொட்டி பஞ்சு. சாண்ட்விச் பிரமாதம். ஈயால் இதுவரை என் உடம்புக்கு ஒன்றும் வந்ததில்லை.'

கடைசி வரியின் விபரீதம் அவருக்குச் சாயங்காலம்தான் புரிந்தது. அதற்குக் கீழே ஒரே கூட்டம். 'அப்படியானால் ஈ வழக்கமாகவே உண்டா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைப் பார்த்துத் தைரியம் வந்து, வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திறந்துவிட்டார்கள். 'சாண்ட்விச்சில் வைக்கிற வெள்ளரிக்காய் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம்.' 'கேக் என்று வாங்கினேன், கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.' 'பேஸ்ட்ரியில் கிரீம் பெட்டியின் மூடியில்தான் இருந்தது.'

மறுநாள் காலை கடைக்குப் போனார். பத்து மணிக்கெல்லாம் காலியாகிவிடும் தட்டுகள் நிறைந்தபடி இருந்தன. பேக்கரிக்காரர், மாவு படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொட்டி ஒரு ஆறு குடுங்க. சாண்ட்விச் எட்டு. அந்த பிஸ்கட்டும் ரெண்டு பாக்கெட்." பன் இருந்த பக்கம் திரும்ப அவருக்கு முகம் இல்லை.

பேக்கரிக்காரர் கைமாவைத் தட்டிவிட்டு அவசரமாகப் பொட்டலம் கட்டினார். "இன்னைக்கு முதல் வியாபாரம் நீங்கதான் சார். ஊரே ஒதுங்கிப் போகுது. நீங்க ஒருத்தர்தான் என்னை நம்புறீங்க."

"அட... அதெல்லாம்..."

"எழுதினது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

பிழைதிருத்துபவரின் கையிலிருந்த ரொட்டி ஒன்று நழுவித் தரையில் விழுந்தது.

"எதிர்க்கடை டெய்லர்தான் சார்! பேன்ட்டைச் சின்னதாத் தச்சிட்டான்னு போன வாரம் நாலு பேர் முன்னால சொல்லிட்டேன். அந்தக் காட்டத்துல எழுதியிருக்கான். இருவது வருஷமா ஒரே பாத்திரத்துல டீ போட்டுக் குடிச்சவங்க நாங்க."

"அவரா இருக்காதுங்க."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"சும்மா... அவர் கையெழுத்து... அதாவது அவர் முகம் அப்படி இல்லையே."

சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சரி, இரண்டு பேரையும் சேர்த்தாவது வைப்போம் என்று எட்டு சாண்ட்விச்சோடு தெருவைத் தாண்டினார்.

"பேக்கரிக்காரர் உங்களைச் சந்தேகப்படுறார்," என்றார் டெய்லரிடம். "நீங்க அதை மனசுல வெச்சுக்காதீங்க."

டெய்லருக்கு அந்த நிமிடம்வரை எதுவுமே தெரியாது. தையல் மிஷின் நின்றது. அளவு நாடா கழுத்தில் தொங்க, மனிதர் நேரே பேக்கரி வாசலுக்குப் போய் நின்றார்.

"உன் வயிறு பெருத்ததுக்கு என் கத்தரிக்கோல் என்னய்யா பண்ணும்? நான் மறைஞ்சிருந்து எழுதுற ஆளா? இப்பப் பார், பேரைச் சொல்லி, நேராவே சுகாதார ஆபீசுல புகார் குடுக்கறேன்!"

சொன்னபடியே கொடுத்தார்.

அன்று இரவுச் சாப்பாடு சாண்ட்விச். மறுநாள் காலையும் சாண்ட்விச். மனைவி வெள்ளரிக்காயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எழுதியிருக்கிறது உண்மைதாங்க. அந்தப் பக்கம் தெரியுது."

"என்னைக் கொல்லாதே."

"போய் ஒப்புக்கிட்டு வந்துடுங்க. ஒரு நிமிஷம்தான் அவமானம். இல்லைன்னா நீங்க வாங்கிக் குவிக்கிற ரொட்டியை வெக்க வீடு பத்தாது."

வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தபடியே போனார். கடைக்குள் ஏற்கெனவே கூட்டம். சுகாதார அதிகாரி, ஐம்பது வயது அம்மா, தட்டு தட்டாகக் குனிந்து முகர்ந்து, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் டெய்லர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"பன் போடுறது யாரு?" என்றார் அதிகாரி.

அடுப்பறையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். எல்லோருக்கும் அவர் பன் அக்கா. பன்னிரண்டு வருடமாகப் பன்னுக்கு மாவு பிசைகிறவர். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பார்த்துப் பார்த்துத்தாம்மா செய்றேன். சல்லடையில மூணு தடவை சலிக்கிறேன்."

பேக்கரிக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அக்கா, கொஞ்ச நாளைக்கு நீங்க வீட்ல இருங்க. சத்தம் அடங்கட்டும்."

அதற்குமேல் பிழைதிருத்துபவரால் தாங்க முடியவில்லை. ஒத்திகை பார்த்த வாக்கியம் மறந்தே போயிற்று.

"நான்தான் நேர்மையான நாக்கு!" என்று கத்திவிட்டார்.

கடை அப்படியே நின்றது. ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவரின் கத்திகூடப் பாதியில் நின்றது. 

"அக்கா மேல தப்பில்லை, டெய்லர் மேலயும் தப்பில்லை. எழுதினது நான். கண்ணாடி இல்லாம பார்த்து, அவசரப்பட்டு எழுதிட்டேன். அது ஈயே இல்லீங்க. காஞ்ச திராட்சை."

அதிகாரி நிமிர்ந்தார். "நிச்சயமாத் தெரியுமா?"

"தின்னே பார்த்தேம்மா."

"தின்னு பார்த்தீங்களா?"

"முழுசா. மென்னு. இனிப்பா இருந்துச்சு."

பேக்கரிக்காரரின் முகம் ஏனோ வெளுத்தது. வாயைத் திறந்தார், மூடினார். பிறகு அவசர அவசரமாகச் சிரித்தார். "சரி சார், விடுங்க. திராட்சைதான். திராட்சையேதான். முடிஞ்சு போச்சு, வீட்டுக்குப் போங்க."

இந்தப் பெருந்தன்மை அவரை இன்னும் கூசவைத்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதிகாரி நோட்டை மூடினார். "ஈன்னு எழுதினவரே இல்லைன்னு சொன்ன பிறகு எனக்கு இங்க என்ன வேலை?" டெய்லர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, "பேன்ட்டைக் குடுத்தனுப்பு, ஒரு இஞ்ச் பிரிச்சு விடறேன்," என்றார். பேக்கரிக்காரர் அதைக் காதில் வாங்காமல், பிழைதிருத்துபவரின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இருங்க, என்னைத் தள்ளாதீங்க," என்று அவர் திமிறினார். "அக்காகிட்ட மன்னிப்புக் கேட்காம போனா எனக்குத் தூக்கம் வராது."

பன் அக்காவின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார். "அக்கா, நீங்க ஆசையாப் போட்ட திராட்சையைப் போய் ஈன்னு எழுதினேன். என்னை மன்னிச்சிடுங்க."

பன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் அவரையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்? ஆனா நம்ம கடைப் பன்னுல நாங்க திராட்சையே போடறதில்லையே!"