பதினேழாவது பெயர்

பதினேழாவது பெயரை மூன்றாம் முறை படித்தும் "உள்ளேன் டீச்சர்" வரவில்லை. பெயருக்கு உரியவளோ முதல் வரிசையிலேயே கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, நீ வந்திருக்கேதானே?"

தலையை மட்டும் ஆட்டினாள். வேறு ஊரிலிருந்து புதிதாகச் சேர்ந்தவள். நடந்தாலும் சத்தமில்லை, உட்கார்ந்தாலும் சத்தமில்லை. மதியத்துக்குள் பிள்ளைகள் 'பூனைக்குட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டீச்சருக்கும் அன்றுதான் வேலையில் முதல் நாள். ஒன்றாம் வகுப்பு, இருபத்து நான்கு வாண்டுகள். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிவிட்டு வந்திருந்தார். உள்ளே உதறல்தான்; ஆனால் அது வெளியே ஒரு துளியும் தெரியவில்லை என்று திடமாக நம்பினார்.

விஷயம் தலைமையாசிரியையின் காதுக்குப் போயிற்று.

"வாயே திறக்காத பிள்ளையை ஒண்ணாம் வகுப்புல வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? வெள்ளிக்கிழமை நான் வந்து உட்காருறேன். ஒரு வார்த்தையாவது பேசணும். இல்லேன்னா பாலர் வகுப்புக்கு மாத்திடலாம்."

டீச்சர் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். பூனைக்குட்டி தன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தின் அட்டையைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் கீழ் வகுப்புக்கு அனுப்புவதா? டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒரு யோசனை உதித்தது. யார் வாய் திறந்து பேசினாலும் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இருபத்து மூன்று பேரும் பேசினார்கள். தம்பி சோப்பைத் தின்றது, அப்பா குறட்டை விடுவது, மாமாவுக்குத் தலையில் முடி இல்லாதது என்று குடும்ப ரகசியம் ஒன்று பாக்கியில்லாமல் வெளியே வந்தது. ஸ்டிக்கர் பதினொரு மணிக்கே தீர்ந்துபோனது. பேசாத ஒரே ஆள் பூனைக்குட்டிதான்.

"நீ சொல்லுடா செல்லம். இந்தச் சாக்பீஸ் என்ன நிறம்?"

பூனைக்குட்டி டீச்சரின் முகத்தையே ஆவலாகப் பார்த்தாள்.

"மஞ்சள். சூரியகாந்திப் பூ இருக்கில்ல, அந்த நிறம்," என்று டீச்சரே சொல்லி முடித்தார். பூனைக்குட்டி திருப்தியாகத் தலையாட்டினாள்.

புதன்கிழமை, இரைச்சலை அடக்கினால் அவள் குரல் எழும்பும் என்று தோன்றியது. சட்டம் தலைகீழானது. பேசாமல் இருந்தால்தான் நட்சத்திரம்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ரெண்டும் எவ்வளவு?"

இருபத்து நான்கு பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். ஒருவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சிவந்துபோனான்.

"திங்கட்கிழமை ஒருத்திதானேம்மா பேசலை?" என்றார் தலைமையாசிரியை. "பரவுதா?"

வியாழக்கிழமை டீச்சர் பழைய காலுறையில் இரண்டு பொத்தானைத் தைத்து, கையில் மாட்டி, கரடி என்று கொண்டுவந்தார். மனுஷரிடம் பேசக் கூச்சமென்றால் கரடியிடம் பேசட்டுமே. கரடிக்காகவும் டீச்சரே பேசினார். மழை எப்படி உண்டாகிறது என்று கரடிக்குச் சொல்லிக்கொடுத்தார். கரடியாகக் கேள்வி கேட்டார், டீச்சராகப் பதில் சொன்னார். சாயங்காலத்துக்குள் வகுப்பில் அவரை யாரும் மதிக்கவில்லை. கழிவறைக்குப் போகக்கூடக் கரடியிடம்தான் அனுமதி கேட்டார்கள்.

பூனைக்குட்டி மட்டும் கரடியைப் பார்க்கவே இல்லை. டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரித்த முகமாக. ஆனால் பேச்சு மூச்சில்லை.

வெள்ளிக்கிழமை வந்தே விட்டது. தலைமையாசிரியை கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க, நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

"ஆரம்பிங்க."

டீச்சர் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி முன் பழகியது, நான்கு நாள் பேசியது எல்லாம் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. கடைசி பெஞ்சில் பேனா ஏதோ எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளையைக் காப்பாற்றப் போய்த் தன் வேலையும் சேர்ந்து போகப்போகிறது என்று நினைத்தார்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பூனைக்குட்டி எழுந்து வந்து டீச்சரின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், மழை பாடம். மேகம் கனமாயிடும்னு சொன்னீங்கல்ல? தாங்க முடியாம போயிடும்னு சொன்னீங்க." குரல் கணீரென்று இருந்தது. "அப்புறம் என்ன ஆகும்? சொல்லுங்க, பயப்படாதீங்க."

"அப்புறம்," என்றார் டீச்சர். "அப்புறம் மழையா கொட்டிடும்." கண்ணிலும் கொட்டியது. அதன் பிறகு பாடம் நிற்கவே இல்லை.

தலைமையாசிரியை நோட்டை மூடினார். "இவ இங்கேயே இருக்கட்டும். நீங்களும்தான்."

பள்ளி விட்டதும் வாசலில் பூனைக்குட்டியின் அப்பா நின்றிருந்தார். டீச்சர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"உங்க பொண்ணு இன்னைக்குப் பேசிட்டா. அவளைப் பேச வைக்க இந்த ஒரு வாரமா நான் பட்ட பாடு இருக்கே."

அப்பா குழம்பிப்போய் மகளைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"நீங்களா? வீட்டுல இவ வாயை மூடுறதே இல்லையே டீச்சர். திங்கட்கிழமை வந்ததும் வராததுமா சொன்னா: 'அப்பா, எங்க டீச்சருக்குப் பேசவே பயம், பாவம். நான் பதில் சொன்னா அவங்க நிறுத்திடுவாங்க. அதான் வாயே திறக்காம இருந்து, அவங்களைப் பேச வச்சுக்கிட்டிருக்கேன்.'"