மேல்நோக்கிப் பிழிந்த இடியாப்பம்

இடியாப்பத்தை எல்லோரும் கீழ்நோக்கித்தான் பிழிவார்கள். ஊவா மாகாணத்திலேயே அதை மேல்நோக்கிப் பிழிந்த ஒரே ஆள் நான்தான். இதை ஒளித்து வைத்தும் பயனில்லை. தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் யாரைக் கேட்டாலும் என்னைவிட விலாவாரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அப்போது நான் கொழும்பில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, யாரோ பாவித்துக் கழித்த ஒரு த்ரீடி பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கியிருந்தேன். பரீட்சைக்கு நான் உருப்போட்ட விடை ஒன்று உண்டு. ஒரு பொருளைச் செய்ய இரண்டு வழி. ஒன்றுமில்லாத இடத்தில் அடுக்கடுக்காகச் சேர்த்துக் கட்டி எழுப்புவது ஒன்று, அது பிரிண்டர். பெரிய கட்டியை எடுத்து வேண்டாததைச் சீவித் தள்ளுவது மற்றது, அது லேத் என்கிற கடைசல் மெஷின். முதலாவது புதுயுகம், இரண்டாவது பழசு, வீண்விரயம். (கடைசி வரி பாடத்தில் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.)

அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர். லீவு நாட்களில் இடியாப்பம் பிழிந்து விற்பார். ஹாலிஎலயில் ஒரு கலியாண மண்டபத்துக்காரர், வருகிற சனிக்கிழமை அந்திக்கு நூறு பேருக்கு இடியாப்பம் கேட்டிருந்தார். நன்றாக இருந்தால் இனி எல்லா விசேஷத்துக்கும் அம்மாவிடமே எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அது மட்டும் நடந்தால் அம்மா மறுபடி கொழுந்து பறிக்க மலை ஏற வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான், கைப்பிடியைச் சுற்றிப் பிழிகிற எங்கள் இடியாப்ப மெஷினில், உரலுக்குள் மாவை அமுக்கும் மரத்தட்டு இரண்டாகப் பிளந்தது.

"ஹாலிஎலயில நஸீர் நானா லேத்துப் பட்டறையில குடுத்தா கடஞ்சி குடுத்துருவாரு" என்றார் அம்மா.

"இந்தக் காலத்துல லேத்துக்கு யாரும்மா போவா? நான் பிரிண்ட் பண்ணித் தாறேன்."

"தட்டோட படம் எனக்கு எதுக்குடி?"

பழைய தட்டைப் பள்ளிக்கூடத்தில் கோடு போடுகிற அடிமட்டத்தால் அளந்தேன். (ஆமாம், அடிமட்டம். டிப்ளோமாக்காரி.) நீலப் பிளாஸ்டிக் சுருளை மாட்டி மெஷினை ஓடவிட்டேன். ஏழு மணித்தியாலம் ஓடியது. லயமே வந்து வாசலில் நின்றது. சின்ன மூக்கு ஒன்று உருகிய நூலை இழுத்து இழுத்துக் கோடு போட, வெறும் மேசையில் ஒரு தட்டு முளைத்து வளர்வதை எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்கே மேலெல்லாம் புல்லரித்தது. பக்கத்து வீட்டு ராணியக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இதுவும் இடியாப்ப உரலு மாதிரித்தான் இருக்கு. எதுல செய்யிற பிளாஸ்டிக்கு இது?"

"சோளத்துலருந்து எடுக்கிறது அக்கா."

"அப்ப பசிச்சா தின்னலாம்" என்றார் ராணியக்கா.

தட்டைப் பூட்டிச் சோதித்தும் பார்த்தேன். கொஞ்சம் மாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்து அமுக்கினேன், அழகாக வந்தது. (தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. என் வாழ்க்கையை மாற்றியது அந்தப் பத்து நிமிடம்.)

சனிக்கிழமை காலை அம்மா கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி மாவைக் குழைத்து மெஷினில் அடைத்தார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். முதல் இரண்டு தட்டு இடியாப்பம் பூப்போல விழுந்தது. மூன்றாவதில் கைப்பிடி திடீரென்று லேசாகிவிட்டது.

"பாத்தியாம்மா, எவ்வளவு லேசா சுத்துது! இதுதாம்மா டெக்னாலஜி!"

"புள்ள, மாவு மேல வருதேடி" என்றார் ராணியக்கா.

வந்தது. கீழே போக வேண்டிய மாவு, என் நீலத் தட்டின் ஓரத்தால் பிதுங்கி, மேலே ஏறி, என் கையைத் தொட்டது. உருகித்தான் உருவான தட்டு அது. சூடு பட்டால் திரும்ப இளகும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கழற்றப் பார்த்தால் தட்டு குழிந்து, ஆறி இறுகி, உரலோடு ஒட்டிக்கொண்டது. அம்மா ஏசவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு மலைப் பக்கம் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உரலைக் கழற்றித் துவாயில் சுற்றி, குழந்தைபோல அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஹாலிஎலயில் நஸீர் நானா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இடியாப்ப உரலுக்குள்ள அப்பம் சுட்டிரிக்கீங்களே புள்ள! அதுவும் நீல அப்பம்!"

உரலை லேத்தின் வாயில் கவ்வ வைத்து என் தட்டைக் குடைய ஆரம்பித்தவர், சட்டென்று மெஷினை நிறுத்திவிட்டார். அறுபட்ட தட்டின் உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தெரிந்தது.

"இதென்ன, மூடின சாமானுக்குள்ள எப்பிடிக் கூடு கட்டினீங்க? என்ட மெஷினுக்கு இது ஏலவே ஏலாது. உள்ளுக்குப் போய்ச் சீவ வழியில்லையே!" அவர் கண்ணில் இருந்தது கேலியில்லை, நிஜமான ஆச்சரியம். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

பிறகு ஓர் அலுமினியத் துண்டை மாட்டினார். அடுத்த கால் மணித்தியாலம் நான் கண்ணை இமைத்ததாக ஞாபகமில்லை. சுற்றுகிற கட்டியை உளி தொட்டதும் வெள்ளிச் சுருள் நீளம் நீளமாகக் கழன்று விழுந்தது. அங்கேயும் இடியாப்பம்தான்! என் மெஷினில் நூல்தான் பொருள். அவர் மெஷினில் நூல் குப்பை, மிஞ்சுவது பொருள். நான் ஏழு மணித்தியாலம் சேர்த்துச் சேர்த்துச் செய்ததை, இவர் கழித்துக் கழித்தே கொண்டுவந்துவிட்டார். உரலின் அடித் துளைகளைத் துணியால் அடைத்து நிறுத்தி, முடிந்த தட்டை அதன் வாயில் வைத்து விரலை எடுத்தார். அது விழவில்லை. அடியிலிருந்த காற்று ஓரத்தால் மெல்ல மெல்ல வெளியேற, தட்டு தானாக, நிதானமாக உள்ளே இறங்கியது. கோயிலில் நிற்கிறதுபோல நின்றேன். பழசு என்று சொன்ன என் வாயைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வரும்போது ராணியக்காவும் இன்னும் நாலு பேரும் அடுப்பு மூட்டித் தயாராக இருந்தார்கள். பிழிந்தோம், அவித்தோம், பிழிந்தோம். ஆறு மணிக்குச் சொன்னது ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தது. மண்டபத்துக்காரர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "வார கெழமை விசேஷத்துக்கும் கொண்டாந்துருங்கம்மா" என்றார். நான் மண்டபத்துக்குப் பின்னால் போய் அழுதேன்.

இப்போது நான் பதுளையில் ஒரு பட்டறையில் இரண்டு மெஷினையும் ஓட்டுகிறேன். எது உசத்தி என்று கேட்பவர்களிடம், சாமான் சுடுமா என்றுதான் முதலில் கேட்கிறேன். ஓர்டர் உள்ள நாட்களில் காலை ஏழு மணிக்கெல்லாம் அம்மாவின் போன் வரும்.

"தண்ணி கொதிக்குது புள்ள. ஒஞ் சாமான் ஏதும் பக்கத்துல கெடந்தா இப்பவே சொல்லிரு, தூக்கிக்கிட்டு ஓடிர்றோம்."

பின்னால் ராணியக்கா சிரிப்பது கேட்கும். இங்கே பட்டறையில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள், எனக்கு மானம் போகும். ஆனால் காலை ஏழு மணிக்கு அம்மா வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கிறார் என்றால், அவர் மலையில் இல்லை. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன்.