பேட்டரி அறையில் மீன் காய்ந்த விவரம்

ஓக்ரானின் அம்மாவுக்கு,

வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. கடற்காற்றின் கடுமை குறைந்து பிளம் மரங்கள் பூத்து உதிரும் இந்த நாட்களில் உன் மூச்சு சீராக ஓடுகிறதா, ஆஸ்பத்திரிச் சோறு தொண்டையில் இறங்குகிறதா, பக்கத்துக் கட்டில்காரி இன்னும் குறட்டை விடுகிறாளா என்றெல்லாம் முறைப்படி விசாரித்ததாக எடுத்துக்கொள். இங்கே நான் நலம். கோழிகள் நலம். உன் பூண்டுப் பாத்தியும் நலம்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பேசினால் நீ சிரிக்கிறாய், சிரித்தால் இருமுகிறாய், இருமினால் அந்த நர்ஸம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். ஆகவே எழுதுகிறேன். மெதுவாகப் படி. சிரிப்பு வருகிற இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போ. உன் தம்பி பில்மோ போன வாரம் மோக்போ ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைப் பார்த்தானாம். அத்தான் வீட்டைக் கொளுத்தப் பார்த்தார், அத்தான் சாகக் கிடந்தார் என்று அப்போதே சொல்லியிருப்பான்; அத்தான் இப்போது கருவாட்டு வியாபாரம் செய்கிறார் என்று இனிமேல் வந்து சொல்லுவான். மூன்றும் பொய் என்று சொல்ல மாட்டேன். நடந்தது என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆக்ஸிஜன் மிஷின் நிற்காமல் ஓட வேண்டும், உங்கள் தீவில் நாய் தும்மினாலே கரண்ட் போகிறது, கரண்ட் போனாலும் மிஷின் ஓடுகிற மாதிரி ஏற்பாடு செய்து அது பத்திரமானது என்று மின் பாதுகாப்பு ஆய்வாளர் எழுதிக் கொடுத்தால்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று டாக்டர் சொன்னாரே, அன்றைக்கே பில்மோவிடம் சொன்னேன். அவன் எங்கோ பிரித்துப் போட்ட போன் கோபுரத்திலிருந்து பேட்டரிகளை வாங்கி, கரண்டை மாற்றித் தருகிற பெட்டியோடு படகில் ஏற்றிவந்து இறக்கினான். "எருது மாதிரி பேட்டரி அத்தான். ஒரு மூலையில வச்சுட்டாப் போதும், அதுபாட்டுக்குக் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு, எந்த மூலை என்று சொல்லாமல், வந்த படகிலேயே திரும்பிப் போய்விட்டான்.

நான் யோசித்தேன். நல்ல குளிர் காலம். விலை உயர்ந்த சாமான். வீட்டிலேயே நல்ல இடம் எது? உன் அறையில், அடுப்புச் சூடு தரைக்கடியில் நேராக வந்து தட்டுகிறதே, நீ படுக்கிற அந்த மூலைதான். அங்கே வரிசையாக வைத்து, சார்ஜில் போட்டு, உன் பருத்திப் போர்வையால் போர்த்தியும் விட்டேன். சில நாளில் வீடெல்லாம் அழுகின முட்டை நாற்றம். நான் கோழிக் கூண்டைக் கழுவினேன், முட்டைக் கூடையைக் கொட்டித் தேடினேன், கடைசியில் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு ஊர்த் தலைவர் பாங்கின் கக்கூஸைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டேன். மனுஷன் கோபப்படவில்லை. உள்ளே வந்து, மூக்கை நீட்டிக்கொண்டு நாய் மாதிரி மோந்து மோந்து உன் அறைவரைக்கும் போய்ப் போர்வையை விலக்கினார். எல்லாப் பேட்டரியும் கொதித்துக் கிடந்தது. இரண்டு பேட்டரி நிறைமாதக்காரி மாதிரி வயிறு உப்பியிருந்தது. "அண்ணே, என் கக்கூஸ் மேல பழி போட்டது போகட்டும், முதல்ல ஜன்னலைத் தெற" என்றார். பில்மோவைக் கூப்பிட்டுக் கேட்டால், சூடுதான் பேட்டரிக்கு எமன், அதற்கு யாராவது போர்வை போர்த்துவார்களா என்று என்னையே திட்டுகிறான். நானும் விடவில்லை. "உங்க அக்கா படுக்கற எடம்டா அது. இந்த வீட்ல அதைவிட நல்ல எடம் ஏது?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, உப்பின ரெண்டையும் கழற்றி வையுங்கள், வேறு அனுப்புகிறேன் என்று போனை வைத்துவிட்டான்.

அடுத்தது தண்ணீர் விவகாரம். பேட்டரிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும், உள்ளே இருக்கிற தகடு வெளியே தெரியக்கூடாது என்றும் பில்மோ சொல்லியிருந்தான். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. நம் கோயில் பாறை ஊற்றுத் தண்ணீருக்கு மேல் உலகத்தில் தண்ணீர் உண்டா? வயிற்று வலிக்காரர்கள் மோக்போவிலிருந்து கேன் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நானும் மேடேறிப் போய்ச் சுமந்து வந்து ஒவ்வொரு பேட்டரிக்கும் மருந்து புகட்டுகிற மாதிரி ஊற்றினேன். அந்தத் தண்ணீரில் மனுஷனுக்கு நல்லது செய்கிற உப்பும் இரும்பும் இருக்கிறதல்லவா, அது பேட்டரிக்கு விஷமாம். சார்ஜ் ஏறுகிறது, இறங்குகிறது, நிற்பதில்லை. பிறகுதான் சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லிப் பேட்டரித் தண்ணீர் என்று தனியாக விற்பதை வாங்கினேன். ருசி பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை. அதுதான் வேண்டுமாம்.

இதற்குள் வருஷப் பிறப்பு வந்துவிட்டது. சூடு ஆகாது என்று பேட்டரிகளைக் கூடத்து அலமாரிக்குள் வைத்துக் கதவை இறுகச் சாத்தியிருந்தேன். அதே கூடத்தில்தான் என் அப்பாவுக்குக் காலைப் படையல். நீ இல்லாமல் முதல் படையல். அரிசிக்கட்டி சூப்பை நானே வைத்தேன், பேரிக்காயை மேல்பக்கம் சீவி அடுக்கினேன், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சாமான் எதையோ எடுக்க அலமாரியைத் திறந்தேன். பேட்டரி சார்ஜ் ஆகிறபோது ஒரு வாயு வருமாம், அடைத்து வைத்தால் சேர்ந்துகொண்டே இருக்குமாம், தீயைக் கண்டால் வெடிக்குமாம். எனக்கு என்ன தெரியும்? படார் என்று ஒரு சத்தம். ஒரு பேட்டரியின் மூடி பறந்து போய்ப் படையல் பேரிக்காயில் செருகிக்கொண்டது. என் புருவத்தில் பாதி இல்லை. கும்பிட வந்திருந்த பாங், "அண்ணே, அப்பா கோவமா இருக்காரு போல" என்றார். அப்பா கோபமாக இல்லை. அவருக்கு உன்மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்கே தெரியும். கதவைத் திறடா, மருமகளைக் கொல்லப் பார்க்கிறாயா என்று அடித்துச் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் முன்னே பின்னே ஆகியிருந்தால் என் கண் போயிருக்கும். நீ வீட்டில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிற காலத்தில் அது நடந்திருந்தால் என்று நினைத்தபோது படையலுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. மோக்போவிலிருக்கிற ஆய்வாளருக்கே போன் போட்டுக் கேட்டேன். தோக்கோ என்று ஒரு பெண்மணி. சிரிக்கவே தெரியாதவர் போலப் பேசினார், ஆனால் கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னார். அவர் சொன்னபடி சமையலறைச் சுவருக்குப் பின்னால், வெயில் படாத வடக்குப் பக்கம், சிமெண்ட் கல் வைத்துத் தனியாக ஓர் அறை கட்டினேன். ஒரு சுவரில் கீழே துவாரம், எதிர்ச் சுவரில் கூரைக்கடியில் துவாரம், வாயு மேலே ஏறி வெளியே போக. கதவு வெளிப்பக்கம் திறக்கும். பேட்டரிகளைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, தரையில் படாமல் பலகை மேல் ஏற்றி, நடுநடுவே காற்றுக்கு இடம் விட்டிருக்கிறேன். அமிலம் சிந்தினால் கொட்ட ஒரு வாளி சமையல் சோடா, பக்கத்தில் தீயணைப்பான். முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்தால் துடைத்து வாஸ்லின் தடவுகிறேன். அமிலம் தெறித்தால் கண் போய்விடும், கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள் என்றார் அந்தம்மா. அதனால் நீ கடலில் முங்கப் போகிறபோது போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். அது மூக்கையும் மூடிவிடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் விடுவதற்குள் எனக்குக் கண் இருட்டுகிறது. இதைப் போட்டுக்கொண்டு நீ எப்படி அத்தனை ஆழம் போய், சிப்பியைக் கொத்தி, மேலே வந்து என்னைத் திட்டவும் மூச்சு மிச்சம் வைத்திருந்தாய்? ரப்பர் வார் உன் தலைக்குத்தான் அளவாக இருக்கிறது. நான் அதைத் தளர்த்தவில்லை. வலித்தாலும் அப்படியே போட்டுக்கொள்கிறேன்.

சாகக் கிடந்த கதைக்கு வருகிறேன். ஆக்ஸிஜன் மிஷினை முன்னாடியே கொண்டுவந்து உன் அறையில் வைத்துவிட்டார்களல்லவா? பேட்டரியில் அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க ஒரு மத்தியானம் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மிஷினை ஓட விட்டேன். ஓடினால் போதாது, காற்று ஒழுங்காக வருகிறதா என்று தெரிய வேண்டும், அதனால் குழாயை என் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு உன் படுக்கையில் படுத்தேன். அந்த மிஷின் போடுகிற சத்தம் இருக்கிறதே, ஆள் தூங்குகிற மாதிரியே இருக்கிறது. இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது. அறையில் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. அசந்து தூங்கிவிட்டேன். பாங்கின் மனைவி ஏதோ இரவல் கேட்க வந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் போய் ஊர் பூராவும் சொல்லிவிட்டாள். கண் விழித்தால் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. தலைமாட்டில் கிளிஞ்சல் கஞ்சி, பூசணிக் கஞ்சி, பைன் பருப்புக் கஞ்சி. பாங் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், கக்கூஸ் விஷயத்தையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்கிறார். இவ்வளவு பேர் கஞ்சியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. பலவீனமாக ஒரு தரம் இருமிவிட்டுக் கஞ்சியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் சில நாள் சும்மாவே அந்த மிஷினை ஓட விட்டேன். சோதனைக்குத்தான்.

கடைசியில் இன்று காலைப் படகில் தோக்கோ அம்மாவே வந்தார். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடந்து, பேட்டரி அறைக் கதவைத் திறந்து, பாருங்கள் என்று கையை நீட்டினேன். உள்ளே கயிறு கட்டி வரிசை வரிசையாக மீன் தொங்குகிறது. பாங்கின் மனைவி வேலை. "காத்து நல்லா வருதேன்னு தொங்க விட்டேன் அண்ணா, ஒரு ஈ கூட அண்டலை" என்று அவள் பெருமையாகச் சொல்கிறாள். உண்மைதான், அவ்வளவு அருமையான காற்றோட்டம். ஆனால் உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பேட்டரி மேல் விழுந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, உப்புத் தண்ணி ரெண்டு முனைக்கும் நடுவுல ஓடினா தீப்பிடிக்கும். யாருக்காக இதைக் கட்டினீங்களோ, அவங்க எந்திரிச்சு ஓட முடியாம உள்ள படுத்திருப்பாங்க" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மீனை இப்போதே எடுத்துவிடுகிறேன், பத்து நிமிஷம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். நான் இருக்கும்போது எடுப்பீர்கள், போன பிறகு தொங்கும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடாமலே படகுத்துறைக்கு நடந்தார். இந்தப் பக்கத் தீவுகளுக்கு மறுபடி மழைக்காலம் முடிந்துதான் வருவாராம். நான் ஒவ்வொரு மீனாக அவிழ்த்துப் பாங்கின் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த வேண்டிய வேலையும் எனக்குத்தான் வந்தது. பிறகு தட்டுகளைத் துடைத்து, முனைகளைச் சுத்தம் செய்து, கதவுக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே நீ அவசரப்படாதே. மழைக்காலம் முடியட்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறாள், போகாத கரண்ட் இருக்கிறது. நான் பொறுமையாக இருக்கிறேன், எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சோறு ஆக்கப் பழகிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் உனக்கும் சேர்த்து இரண்டு ஸ்பூன் எடுத்து வைத்துவிடுகிறேன், அது கைப் பழக்கம், வேறொன்றும் இல்லை. ஓக்ரான் போன் செய்தால் அப்பா தைரியமாக இருக்கிறார் என்று சொல். நர்ஸம்மாவுக்கு என் வணக்கம், குறட்டைக்காரிக்கும். உன் மூச்சு நீளமாக இருக்கட்டும், தூக்கம் ஆழமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓக்ரானின் அப்பா

பின்குறிப்பு: நேற்று எழுதி முடித்து உறையை ஒட்டப் போகிற நேரத்தில் கடல்மேல் மூடுபனி இறங்கிவிட்டது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை, படகு வரவில்லை. துறையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த தோக்கோ அம்மாவைப் பாங் வீட்டில் தங்க வைத்தார்கள். சாயங்காலச் சோற்றுக்கு அங்கே எல்லோரும் உட்கார்ந்தபோது கரண்ட் போய்விட்டது. தீவு முழுக்க இருட்டு, நம் வீட்டு மிஷினின் சத்தம் மட்டும் வேலி தாண்டிக் கேட்டிருக்கிறது. தோக்கோ அம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். எதற்கு ஆள் இல்லாத அறையில் ஓட விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். சோதனைக்குத்தான் என்றேன். பேட்டரி அறையைத் திறக்கச் சொல்லி, மோந்து பார்த்து, தொட்டுப் பார்த்து, ஏதோ கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு உன் அறையில் வந்து உட்கார்ந்தவர் கரண்ட் வருகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. மிஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. "அம்மா எந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பாங்க?" என்று கேட்டார். சுவர்ப் பக்கம் என்றேன். அப்படியானால் குழாய் முறுக்கிக்கொள்ளும் என்று அவரே மிஷினைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிட்டு, "இதுக்கு எதுக்கு மழைக்காலம் வரைக்கும்? வரச் சொல்லுங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காலையில் பனி விலகிவிட்டது. இந்தக் கடிதத்தையும் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவரை மோக்போவில் இறக்கிவிடும் படகு மத்தியானம் இங்கே திரும்புகிறது. மேலே மழைக்காலம் என்றும் பொறுமை என்றும் எழுதியிருப்பதையெல்லாம் நீ படிக்க வேண்டாம். படித்துவிட்டாய் என்றால் மறந்துவிடு, அத்தனையும் பொய். டாக்டரிடம் காகிதத்தைக் காட்டு, வழிக்குச் சின்ன சிலிண்டர் வாங்கிக்கொள், பெட்டியைக் கட்டு. நான் துறைக்குப் போகிறேன்.